டண்டினோங்குக்குப் புதியவரா? ஹஸாரகி பேசும் அயலவரோடு பழக ஒரு வழிகாட்டி

மெல்பேர்ணின் தென்கிழக்கில், டண்டினோங் ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் போஸ்டர் தெரு. லிட்டில் இந்தியா என்று பெயர் பெற்ற பகுதி. கறிவேப்பிலை, புளி, சேலை எல்லாம் அங்கே கிடைக்கும். நம்மவர்கள் பெரும்பாலும் அதோடு திரும்பிவிடுவார்கள். இன்னும் கொஞ்சம் நடந்தால் தோமஸ் தெரு, அதில் ஆப்கான் பசார். ஒரு முழ நீள ரொட்டிகளை அடுக்கி வைத்திருக்கும் பேக்கரிகள், உலர்ந்த மல்பெரிப் பழம், தேநீர்க் கடைகள். அந்தக் கடைகளில் காதில் விழும் பேச்சில் பெரும்பகுதி ஹஸாரகி, ஆப்கானிஸ்தானின் ஹஸாரா மக்களுடைய மொழி.

தாதியாகவோ, முதியோர் பராமரிப்பிலோ, மருந்தகத்திலோ, பாலர் பள்ளியிலோ வேலை கிடைத்து இந்தப் பக்கம் குடிவந்திருக்கும் தமிழர்களுக்காக இதை எழுதுகிறேன். உங்கள் முன்னால் வந்து உட்காரப்போகிறவர்களில் பலர் ஹஸாராக்கள். பக்கத்து வீடும் அவர்களுடையதாக இருக்கலாம். நான் இங்கே வந்த முதல் ஆண்டில் செய்த பிழைகளை நீங்களும் செய்ய வேண்டியதில்லை.

முதற்படி: படிவத்தில் மொழியின் பெயரைச் சரியாக எழுதுங்கள்

அப்போது ஒரு கிளினிக்கின் வரவேற்பு மேசையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். எழுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா நீரிழிவுக்குப் புதுக் குளிசை வாங்க வந்திருந்தார். கூட யாரும் இல்லை. பிறந்த நாடு ஆப்கானிஸ்தான் என்று அட்டையில் இருந்தது. மொழி என்ற கட்டத்தில் 'ஆப்கான்' என்று தட்டியது நான்தான். தொலைபேசி உரைபெயர்ப்புச் சேவையை அழைத்தபோது, தாரியா பஷ்தோவா என்று கேட்டார்கள். ஆப்கானிஸ்தான் என்றால் பஷ்தோதானே என்று நானே முடிவு செய்து சொல்லிவிட்டேன்.

பஷ்தோ உரைபெயர்ப்பாளர் வந்தார். மருத்துவர் பேச, அவர் பேச, அந்த அம்மா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். நான்கு நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. எழுந்து போகுமுன் தாதி ஒருவர், "எப்படிப் போடுவீர்கள் என்று ஒருமுறை காட்டுங்கள்" என்று சைகையில் கேட்டார். அம்மா பெட்டியைத் திறந்து, காலைக்கு உரியதையும் இரவுக்கு உரியதையும் சேர்த்து உள்ளங்கையில் கொட்டி, தண்ணீருக்காகச் சுற்றுமுற்றும் பார்த்தார்.

மறுபடி அழைத்தோம். இந்த முறை ஹஸாரகி என்று கேட்டோம். மறுமுனையில் முதல் வாக்கியம் வந்ததும் அந்த அம்மா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். நோயைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. உரைபெயர்ப்பாளரிடம் நீ எந்த ஊர்ப் பிள்ளை, யார் மகன் என்று விசாரித்தார். அது முடிந்த பிறகுதான் குளிசைக்கு வந்தார். பத்து நிமிடம் பேசினார்.

ஆப்கானிஸ்தானில் பெரிய மொழிகள் இரண்டு, பஷ்தோவும் தாரியும். தாரி என்பது பாரசீகத்தின் ஆப்கான் வடிவம். ஹஸாரகியும் பாரசீகத்தின் கிழக்கு வகைதான். இலக்கண எலும்புக்கூடு ஏறக்குறைய ஒன்று. அதன்மேல் மொங்கோலிய, துருக்கியச் சொற்கள் படிந்திருக்கின்றன, ஒலியும் வேறு. பஷ்தோ ஹஸாராக்களுக்கு வேற்றுமொழி. அந்த மொழி பேசியவர்களின் கையால் அடிபட்ட நினைவும் பலருக்கு உண்டு. அதற்காகப் பஷ்தூன் என்றால் தலிபான் என்று நினைத்துவிடாதீர்கள். தலிபானுக்குத் தப்பி ஓடிவந்த பஷ்தூன் குடும்பங்களும் இதே தெருக்களில் இருக்கின்றன.

ஆகவே, படிவத்தில் 'ஆப்கான்' என்று ஒரு மொழி இல்லை. ஹஸாரகி என்று எழுதுங்கள். அவுஸ்திரேலியப் புள்ளிவிவரத் திணைக்களம் அதைத் தனி மொழியாகவே வகைப்படுத்தியிருக்கிறது. கணினிப் பட்டியல்களில் தேடும்போது ஆங்கில எழுத்தில் இருவிதமாக எழுதியிருப்பார்கள், கடைசி உயிரெழுத்துக்கு முன் ஓர் 'எச்' சேர்த்தும் சேர்க்காமலும். ஒன்று அகப்படவில்லையென்றால் மற்றதைத் தேடுங்கள். பட்டியலில் இல்லை என்று விட்டுவிட்டுப் 'பாரசீகம்' என்று குறிப்பவர்கள் அதிகம். அப்படிக் குறித்தால் ஈரானிய உரைபெயர்ப்பாளர் வந்து சேருவார்.

இன்னொன்று. ஹஸாராக்களின் வாயில் 'ஹ' பெரும்பாலும் உதிர்ந்துவிடும். தங்களை 'ஆஸ்ரா' என்றும் மொழியை 'ஆஸ்ரகி' என்றும் சொல்வார்கள். அது ஏதோ வேறு மொழி என்று எண்ணி, ஒரு மாதம் இரண்டையும் தனித்தனியாகக் குறித்து வைத்திருந்தேன்.

இரண்டாவது படி: 'தாரி புரியுமா' என்று கேட்காதீர்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க முடியுமென்றால் இதை வையுங்கள். தாரி புரியுமா என்று கேட்டால் ஏறக்குறைய எல்லா ஹஸாராக்களும் ஆம் என்பார்கள். அது பொய்யல்ல, அவர்களுக்குப் புரியும். பள்ளியிலும் வானொலியிலும் அரசு அலுவலகத்திலும் இருந்தது தாரிதான். காபூலுக்குப் போன ஹஸாராவின் பேச்சைக் கேட்டுச் சிரித்தவர்கள் தலைமுறை தலைமுறையாக உண்டு. பட்டிக்காட்டு மொழி, உடைந்த தாரி என்றெல்லாம் சொன்னார்கள். அதனால் வெளியாள் முன்னால் தாரிக்கு மாறிக்கொள்வது பழகிப்போயிற்று. 2004 ஆம் ஆண்டின் ஆப்கான் அரசியலமைப்பு உஸ்பெக், பலூச்சி, பஷாயி, நூரிஸ்தானி என்று மொழிகளை வரிசையாகப் பெயர் சொல்லிக் குறித்தது. அதில் ஹஸாரகி இல்லை. தாரிக்குள் அடங்கியதாக எடுத்துக்கொண்டார்கள்.

ஆனால் புரிவது வேறு, நெஞ்சு வலியை விவரிக்க வருவது வேறு. யாழ்ப்பாணத்து அம்மம்மா ஒருவரிடம், செய்தி வாசிக்கும் தமிழில் "தங்களுக்கு மலச்சிக்கல் எத்தனை தினங்களாக உள்ளது" என்று கேட்டுப் பாருங்கள். எல்லாச் சொல்லும் விளங்கும். பதில் மட்டும் ஒரு சொல்லில் வரும்.

எனவே கேள்வியை மாற்றுங்கள். "வீட்டில் என்ன மொழி பேசுவீர்கள்? எங்கே வளர்ந்தீர்கள்?" இந்த இரண்டும் போதும். இரண்டாவது கேள்வி அதிகம் சொல்லும். ஜாகோரி, பாமியான், தைகுந்தி, பெஹ்சூத் என்று மத்திய ஆப்கானிஸ்தானின் மலைநாட்டுப் பெயர் ஏதாவது வந்தால் ஹஸாரகி உரைபெயர்ப்பாளரைக் கேளுங்கள். அந்த மலைநாட்டுக்கு ஹஸாராஜாத் என்று பெயர். பேச்சு மாவட்டத்துக்கு மாவட்டம் கொஞ்சம் மாறும், ஒருவருக்கொருவர் விளங்கும். பதில் குவெட்டா என்றால், பாகிஸ்தானின் அந்த நகரத்தில் அலம்தார் சாலையிலோ ஹஸாரா டவுனிலோ வளர்ந்தவராக இருப்பார். அவருடைய ஹஸாரகியில் உருது கலந்திருக்கும். உங்களுக்கு இந்தி தெரிந்தால் பாதி உரையாடல் அங்கேயே முடிந்துவிடும். ஈரானில் வளர்ந்த இளைஞரோ தெஹ்ரான் பாணியில் பேசக்கூடும். அங்கே அகதி என்று அடையாளம் தெரியாமலிருக்க அப்படிப் பேசிப் பழகியவர்கள் அவர்கள்.

உரைபெயர்ப்பாளரை அழைப்பது எளிது. தேசிய உரைபெயர்ப்புச் சேவையின் எண் 131 450, இருபத்துநான்கு மணி நேரமும் இயங்கும். தனியார் மருத்துவர்களும் மருந்தகங்களும் பதிவு செய்துகொண்டால் அரசின் இலவச உரைபெயர்ப்பையே பயன்படுத்தலாம். பலருக்கு இது தெரியாது, செலவு என்று தயங்குகிறார்கள். உரைபெயர்ப்பாளர்களுக்குச் சான்று வழங்கும் அவுஸ்திரேலிய அமைப்பான 'நாட்டி'யின் தகுதிச் சான்று பெற்றவர்கள் ஹஸாரகிக்கு இருக்கிறார்கள். அந்த நேரத்தில் யாரும் கிடைக்கவில்லையென்றால் தாரி கேளுங்கள், ஆனால் எதிரில் இருப்பவரிடம் சொல்லிவிட்டுக் கேளுங்கள். பெண்களின் உடல்நலம் பற்றிய பேச்சென்றால் பெண் உரைபெயர்ப்பாளர் வேண்டும் என்று அழைப்பின் தொடக்கத்திலேயே சொல்ல வேண்டும்.

சமூகம் சிறியது என்பதை மறக்க வேண்டாம். நேரில் வரும் உரைபெயர்ப்பாளர் அந்த அம்மாவின் மருமகனுக்கு நண்பராக இருக்கலாம். மன உளைச்சல், குடும்ப வன்முறை, கர்ப்பம் போன்ற பேச்சுகளுக்கு, வேறு மாநிலத்திலிருந்து பேசும் தொலைபேசிக் குரலே நல்லது. நோயாளியின் பெயரைச் சொல்லாமலே பேச்சைத் தொடங்கலாம்.

பதினொரு வயதுப் பேரனை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். நம் வீடுகளிலும் அது நடந்தது, எனக்குத் தெரியும். அம்மாவின் கர்ப்பப்பை பற்றி மருத்துவர் கேட்டதைப் பையன் எப்படிச் சொல்வான்? "வயிறு வலிக்கிறதா என்று கேட்கிறார்" என்றுதான் சொல்வான்.

பேசும்போது நோயாளியைப் பார்த்துப் பேசுங்கள், தொலைபேசியைப் பார்த்தல்ல. வாக்கியங்களைச் சின்னதாக வெட்டுங்கள். முடிந்ததும் "விளங்கியதா" என்று கேட்டுப் பயனில்லை, தலையாட்டல்தான் கிடைக்கும். அந்தத் தாதி செய்தாரே, செய்து காட்டச் சொல்வது, அதுதான் வழி.

எழுத்துத் துண்டுப் பிரசுரம் பற்றி ஒரு வார்த்தை. ஹஸாரகியில் மொழிபெயர்த்தது என்று அச்சடித்து வருபவை, வாசித்துப் பார்த்தால் பெரும்பாலும் தாரி. பேச்சுமொழியை எழுதும் வழக்கம் பள்ளிகளில் இருந்ததில்லை. மலைநாட்டில் வளர்ந்த வயதான பெண்கள் பலருக்குப் பள்ளிக்கூடமே கிடைத்ததில்லை. அவர்கள் கையில் தாளைக் கொடுத்து உங்கள் கடமையை முடித்துக்கொள்ளாதீர்கள். வீட்டுக்குப் போய்க் கேட்கக்கூடிய குரல் பதிவு இருந்தால் அதை அனுப்புங்கள்.

மூன்றாவது படி: பெயர், பிறந்த திகதி

இதில் நாம் அவர்களுக்கு உறவு. அப்பா பெயரை முதலெழுத்தாகப் போட்டு வாழ்ந்துவிட்டு, விசாப் படிவத்தில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தின் முன் திகைத்து நின்றவர்கள் நாம். ஹஸாரா கிராமங்களிலும் குடும்பப் பெயர் என்று ஒன்று கட்டாயமாக இருந்ததில்லை. ஆவணம் எழுதியபோது சிலருக்கு அப்பா பெயர் ஒட்டிக்கொண்டது, சிலருக்குக் குலப் பெயர், சிலர் தாங்களே ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்கள். உடன்பிறந்த இருவருக்கு வெவ்வேறு குடும்பப் பெயர் இருக்கலாம். அதைப் பார்த்துச் சந்தேகப்பட வேண்டாம். முகமது, குலாம் என்று தொடங்கும் இரட்டைப் பெயர்களில் வீட்டில் கூப்பிடுவது பெரும்பாலும் இரண்டாவது பகுதி. எப்படிக் கூப்பிட வேண்டும் என்று கேட்டுவிடுவது நல்லது.

பிறந்த திகதி இன்னும் சிக்கல். ஜனவரி 1 ஆம் திகதி பிறந்தவர்களை இங்கே வரிசையில் நிற்க வைக்கலாம். ஆப்கான் அடையாளச் சீட்டான தஸ்கிராவில் பெரும்பாலும் நாளும் மாதமும் இருக்காது. ஆப்கான் நாட்காட்டிக் கணக்கில் "1375 இல் வயது 12" என்று இருக்கும். அப்படியென்றால் பிறந்த ஆண்டு 1363. அதோடு 621 ஐக் கூட்டினால் 1984. அங்கே ஆண்டு மார்ச் 20 அல்லது 21 இல் தொடங்குவதால், ஆண்டின் கடைசி மாதங்களில் பிறந்தவருக்கு 622 ஐக் கூட்ட வேண்டும். நாளும் மாதமும் தெரியாதவருக்குக் குடிவரவு அதிகாரி ஜனவரி 1 என்று போட்டுவிடுவார்.

மருத்துவமனையிலோ மருந்தகத்திலோ வேலை பார்ப்பவர்கள் இங்கே நின்று வாசியுங்கள். ஒரே பெயர், ஒரே பிறந்த நாள், அண்மித்த ஆண்டு, ஒரே தபால் எண் என்று இரண்டு பேர் உங்கள் கணினியில் இருப்பார்கள். பெயரும் திகதியும் பொருந்துகிறதென்று மருந்தைக் கொடுத்துவிடாதீர்கள். முகவரியையோ மெடிகேர் எண்ணையோ மூன்றாவதாகச் சரிபாருங்கள். ஜனவரி 1 ஐ வைத்துப் பகிடி செய்வதும் வேண்டாம். அதை அவர்கள் ஆயிரம் தடவை கேட்டாயிற்று.

அந்த நாட்காட்டியில் ஓர் அழகு இருக்கிறது. ஆப்கானிஸ்தானில் மாதங்களின் பெயர்கள் ராசிகளின் பெயர்கள்: ஹமல், ஸவ்ர், ஜவ்ஸா, சரதான். நமக்கு அவை மேஷம், ரிஷபம், மிதுனம், கடகம். நம் சித்திரையும் சூரியன் மேஷத்தில் நுழைவதுதானே. அவர்களின் கணக்கில் ஹமல் மாதம் மார்ச் 21 அளவில் பிறக்கும், நமக்கு ஏப்ரல் 14. ஒரு முதியவர் "மீஸான் மாதம், திராட்சை பறித்த பிறகு பிறந்தேன்" என்று சொன்னபோது, துலாம், ஐப்பசிக்குக் கொஞ்சம் முன்னால் என்று எனக்கு உடனே பிடிபட்டது. பக்கத்திலிருந்த அவுஸ்திரேலிய அதிகாரிக்குத்தான் விளங்கவில்லை.

நான்காவது படி: நாக்கில் முதல் சொற்கள்

ஆங்கிலேயருக்கு வராத ஒன்று உங்களுக்கு இயல்பாக வரும். ஹஸாரகியில் 'ட' இருக்கிறது, நாக்கை மடித்துச் சொல்லும் அதே ட. ஈரானியப் பாரசீகத்தில் அது கிடையாது, பாரசீக எழுத்துவரிசையிலும் அதற்கு எழுத்து இல்லை. 'புத்' என்றால் சிலை. அதையே ட போட்டுச் சொன்னால் பூட்ஸ். நாம் தந்தையையும் தண்டையையும் பிரித்துச் சொல்லிப் பழகியவர்கள், இதில் தடுமாற மாட்டோம். (சிலையைக் குறிக்கும் அந்தச் சொல் புத்தர் என்ற பெயரிலிருந்து வந்தது. பாமியானின் மலைமுகப்பில் 55 மீட்டரும் 38 மீட்டருமாக நின்ற புத்தர் சிலைகளை ஊரார் சல்சால், ஷாமாமா என்று பெயர் சொல்லி அழைத்தார்கள். தலிபான்கள் அவற்றை 2001 மார்ச்சில் தகர்த்தார்கள்.)

நமக்கு வராதது, தொண்டையில் உராயும் 'க'. 'அகம்' என்று சொல்லும்போது நடுவில் மென்மையாக வருமே, அதை இன்னும் உள்ளே இறக்கிச் சொல்லிப் பழகுங்கள்.

முதல் வாரத்துக்கு ஐந்தாறு சொற்கள் போதும். "ஸலாம்" சொல்லி வலக்கையை நெஞ்சில் வையுங்கள். எதிர்ப்பாலாரிடம் கைநீட்டுவதை அவர்கள் நீட்டினால் பார்த்துக்கொள்ளலாம். வேலையில் இருப்பவரைப் பார்த்தால் "மாந்தா நபாஷி" என்பார்கள். களைத்துப் போகாதிரு என்று பொருள். பதில் "ஸிந்தா பாஷி", உயிரோடு வாழ்க. இரவு எட்டு மணிக்கு ரொட்டி அடுப்பின் முன் நிற்கும் ஆளிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். ஆங்கிலத்தில் 'ஹவ் ஆர் யூ' சொன்னால் கிடைக்காத சிரிப்பு கிடைக்கும். நன்றிக்கு "தஷகுர்". இன்னும் மனதாரச் சொல்ல வேண்டுமென்றால் "கானா ஆபாத்", உங்கள் வீடு செழிக்கட்டும்.

'மா' என்றால் நான், 'மோ' என்றால் நாங்கள். 'நான்' என்றால் ரொட்டி, இதில் நான் ஒரு மாதம் குழம்பினேன். 'ஆவ்' தண்ணீர். 'ஆத்தா' என்றால் அப்பா, 'ஆபா' என்றால் அம்மா. நமக்குத் தலைகீழ். 'பேரி' மருமகள், 'அலகா' உள்ளங்கை. இந்த இரண்டும் மொங்கோலிய வழி வந்தவை. 'ஆத்தா' துருக்கிய வழி. இவற்றை வைத்துக்கொண்டு ஹஸாரகி தமிழிலிருந்து பிறந்தது என்று யாராவது கட்டுரை எழுதத் தொடங்கினால், தயவுசெய்து தடுத்து நிறுத்துங்கள். ஒலி ஒத்துப்போவது தற்செயல்.

வயதான ஆணைக் 'காகா' என்றும் பெண்ணைக் 'காலா' என்றும் கூப்பிடலாம், சித்தப்பா, சின்னம்மா மாதிரி. முன்னிலையில் 'தூ' ஒருமை, 'ஷுமோ' மரியாதை. பெரியவர்களிடம் வினைமுடிவும் பன்மைக்கு மாறும், நம் 'வா', 'வாருங்கள்' போல. மேலே சொன்ன வாழ்த்துகளுக்கும் அப்படி ஒரு மரியாதை வடிவம் உண்டு. அதை எழுத்தில் படிப்பதைவிட, ஒரு காலாவிடம் தவறாகச் சொல்லித் திருத்து வாங்குவது விரைவு. அவர்கள் திருத்துவார்கள், சந்தோஷமாகத் திருத்துவார்கள். தங்கள் பேச்சைக் கற்றுக்கொள்ள ஒருவர் வருவது அவர்களுக்குப் புதுமை. "தாரி படியுங்கள், அதுதான் பயன்" என்று முதலில் தட்டிக்கழிப்பார்கள். விடாதீர்கள்.

எழுத்து வேண்டுமென்றால் தாரிப் பாடநூலை வைத்துக்கொண்டு 32 எழுத்துகளைப் படியுங்கள். ஒலிக்கு ஆட்களிடம் போங்கள். நூலகத்து ஆங்கில உரையாடல் வட்டத்தில் தொண்டராகச் சேர்ந்தால் இரண்டும் நடக்கும். நீங்கள் ஒரு மணி நேரம் ஆங்கிலம் கொடுங்கள், கடைசிப் பத்து நிமிடம் ஹஸாரகி கேளுங்கள். அங்கே ஆசிரியர் மாணவர் இடம் மாறும்போது, ஒரு மணி நேரம் வாய் திறக்காத பெண்கள் குரல் உயர்த்திப் பேசுவதைப் பார்ப்பீர்கள்.

ஐந்தாவது படி: கேட்கக் கூடாத கேள்வி

"நீங்கள் எப்படி வந்தீர்கள்?" நம்மிடம் அதை எத்தனை பேர் கேட்டார்கள், கேட்டபோது வயிற்றில் என்ன செய்தது என்று நினைத்துப் பாருங்கள். அதைக் கேட்காமல் இருப்பதற்கு, பின்னணி கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

1891 முதல் 1893 வரை ஆப்கான் மன்னர் அமீர் அப்துர் ரஹ்மான் கான் ஹஸாராஜாத்தின் மேல் படையெடுத்து அதை அடக்கினார். பெருந்தொகையானோர் கொல்லப்பட்டார்கள், அடிமைகளாக விற்கப்பட்டார்கள், நிலம் பறிபோனது. தப்பியவர்கள் குவெட்டாவுக்கும் ஈரானின் மஷ்ஹதுக்கும் போனார்கள். இன்றைய குவெட்டாச் சமூகத்தின் வேர் அங்கே. 1998 ஆகஸ்ட்டில் வட ஆப்கான் நகரமான மஸார்-இ-ஷரீபைப் பிடித்த தலிபான்கள் ஹஸாராக்களை வீடு வீடாகத் தேடிக் கொன்றார்கள். குவெட்டாவில் 2013 ஜனவரியிலும் பெப்ரவரியிலும் குண்டுகள். காபூலின் தஷ்த்-இ-பர்ச்சியில் 2022 செப்டம்பர் 30 அன்று, தேர்வு எழுத உட்கார்ந்திருந்த மாணவிகள் நடுவே குண்டு. பெரும்பாலான ஹஸாராக்கள் ஷியா முஸ்லிம்கள் என்பது இவற்றுக்கு ஒரு காரணம், முகத்தோற்றத்திலேயே அடையாளம் தெரிந்துவிடுவது இன்னொன்று. உடன் வேலை செய்யும் ஹஸாரா ஒரு திங்கட்கிழமை வராமல் போனால், வந்தாலும் தொலைபேசியைக் கீழே வைக்காமல் இருந்தால், அன்றைய செய்தியைப் பார்த்துவிட்டு அவரிடம் போங்கள்.

இந்த நாட்டில் நம் கதையும் அவர்கள் கதையும் ஒரே கோப்பில் இருந்தவை. 2001 ஆகஸ்ட்டில் டாம்பா என்ற நோர்வீஜியக் கப்பல் கடலில் காப்பாற்றிய 433 பேரில் பெரும்பாலானோர் ஹஸாராக்கள். அவர்களைக் கரையிறங்க அவுஸ்திரேலியா விடவில்லை, நவூருவுக்கும் நியூசிலாந்துக்கும் போனார்கள். 2010 ஏப்ரல் 9 அன்று அரசு புதிய புகலிட மனுக்களை நிறுத்திவைத்தது, இலங்கையருக்கு மூன்று மாதம், ஆப்கானியருக்கு ஆறு மாதம். என் மைத்துனன் அந்த மூன்று மாதக்காரன். முகாமில் பக்கத்துக் கட்டில் ஆறு மாதக்காரனுடையது. "நமக்கு வேறென்ன வேலை" என்று இருவரும் சொல் மாற்றிக்கொண்டிருந்தார்களாம். அவன் இன்றும் எண்ணும்போது யக், து, சே என்று தொடங்குவான்.

தற்காலிகப் பாதுகாப்பு விசா என்பது 1999 இல் வந்து, 2008 இல் ஒழிந்து, 2014 இன் கடைசியில் திரும்பி வந்தது. அதில் இருப்பவர் மனைவி பிள்ளைகளை அழைக்க முடியாது. 2023 பெப்ரவரியில்தான் நிரந்தர வதிவிடத்துக்கு வழி திறந்தது. பத்து ஆண்டுகள் குழந்தையைத் திரையில் மட்டும் பார்த்த அப்பாக்கள் இந்தத் தெருவில் இருக்கிறார்கள். இப்போது குடும்பம் வந்து சேர்ந்த வீடுகளில், பதினான்கு வயதுப் பிள்ளையும் அப்பாவும் ஒருவரையொருவர் புதிதாகப் பழகிக்கொண்டிருப்பார்கள். பள்ளி ஆசிரியர்கள் "பையன் அப்பாவோடு பேசுவதில்லை" என்று அறிக்கை எழுதுமுன் இதைக் கேட்டறிந்துகொள்ளலாம்.

அழைக்கும் பெயரிலும் கவனம் வேண்டும். ஆப்கான் என்ற சொல் பழைய வழக்கில் பஷ்தூனைக் குறித்தது. அதைத் தம்மேல் போட்டுக்கொள்ள விரும்பாத ஹஸாராக்கள் உண்டு, பொருட்படுத்தாதவர்களும் உண்டு. ஹஸாரா என்றே சொல்லுங்கள், யாரும் கோபிக்க மாட்டார்கள்.

ஆறாவது படி: எந்த நாள் என்ன நாள்

மார்ச் 20 அல்லது 21 இல் நவ்ரூஸ், புத்தாண்டு. வாழ்த்துச் சொல்லலாம். ரமழானில் பகலில் தேநீர் நீட்டாதீர்கள். நீரிழிவுக்காரர் நோன்பு பிடிக்கிறாரா என்று மருத்துவர் மாதத்துக்கு முன்பே கேட்க வேண்டும். முஹர்ரம் கொண்டாட்டம் அல்ல, துக்கம். அதன் பத்தாம் நாள் ஆஷூரா. அந்தப் பத்து நாளில் யாரையும் விருந்துக்கு அழைக்க வேண்டாம், வாழ்த்தும் சொல்ல வேண்டாம். ரமழானும் முஹர்ரமும் சந்திர நாட்காட்டி என்பதால் ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னால் நகரும். ஹஸாராக்களில் இஸ்மாயிலிகளும் சுன்னிகளும் மதப்பற்றில்லாதவர்களும் உண்டு, ஆகவே ஊகிக்காமல் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஏழாவது படி: வீட்டுக்குக் கூப்பிட்டால்

கூப்பிடுவார்கள். செருப்பை வாசலில் விடுவது நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. சுவரோரம் மெத்தைகள் போட்டிருக்கும், தரையில் உட்கார வேண்டும். உங்களைக் கதவுக்கு எட்டத்தில், அறையின் உள்கோடியில் உட்காரச் சொல்வார்கள், அது மரியாதை இடம். தஸ்தர்கான் என்ற துணியை விரித்து அதன்மேல் உணவு வைப்பார்கள். துணியை மிதிக்கவோ தாண்டவோ கூடாது. ரொட்டித் துண்டு கீழே விழுந்தால் எடுத்து ஓரமாக வையுங்கள்.

முதலில் ஏலக்காய் போட்ட பச்சைத் தேநீர், கூடவே பாதாம், மிட்டாய். கோப்பை காலியானால் நிரம்பும். போதுமென்றால் கையால் கோப்பையை மூடிச் சொல்லுங்கள், ஒருமுறை சொன்னால் நம்ப மாட்டார்கள். பிறகு கந்தனா என்ற லீக்ஸ் போன்ற இலையோ உருளைக்கிழங்கோ உள்ளே வைத்த போலானி ரொட்டி, இறைச்சி வைத்து ஆவியில் அவித்த மாந்து, எண்ணெயில் பொரித்த போஸ்ராக். குரூத் என்று ஒன்று வரும், தயிரை உப்பிட்டு உருண்டையாகக் காயவைத்தது. கல் மாதிரி இருக்கும், நல்ல புளிப்பு. அதை நீரில் கரைத்துச் சாப்பாட்டின் மேல் ஊற்றுவார்கள். மோர் மிளகாய் சாப்பிட்டு வளர்ந்த நாக்குக்கு அது பிடிக்காமல் போகாது. சைவம் என்றால் முன்கூட்டியே தெளிவாகச் சொல்லிவிடுங்கள். 'இறைச்சி வேண்டாம்' என்றால் கோழி வரும் சாத்தியம் உண்டு, நம் ஊரிலும் அப்படித்தான்.

புறப்படும்போது ஒரு பாத்திரம் நிறையப் போலானி கட்டித் தருவார்கள். பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்காதீர்கள். ஹலால் குழப்பம் வராமலிருக்க மரக்கறிப் பண்டம் நல்லது. பருப்பு வடை எங்கள் தெருவில் நன்றாக எடுபடுகிறது. மலைநாட்டிலிருந்து வந்த குடும்பம் என்றால் பச்சை மிளகாயைப் பாதியாகக் குறைத்துச் சுடுங்கள். குவெட்டாவில் வளர்ந்தவர்கள் என்றால் குறைக்கத் தேவையில்லை, கூடப் போடலாம்.